வாசலில் குருசு இல்லாத ஆலயங்கள்: ஒல்லாந்தர் கால மறைவு வழிபாட்டுத் தலங்களும் கிழக்குக் கரையும்

1638 மே 23ஆம் திகதி மட்டக்களப்பில் ஓர் உடன்படிக்கை கைச்சாத்தானது. ஒருபுறம் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன். மறுபுறம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கடற்படைத் தளபதி அடம் வெஸ்டர்வோல்ட். ஐந்து நாட்களுக்கு முன்தான் இருவர் படைகளும் சேர்ந்து புளியந்தீவிலிருந்த போர்த்துக்கேயர் கோட்டையைப் பிடித்திருந்தன. கறுவாவை யாருக்கு விற்பது, போர்ச் செலவை யார் தருவது, பிடிபடும் கோட்டைகளில் யார் காவல் வைப்பது என்று விதிகள் வரிசையாகப் போகின்றன. அவற்றினிடையே வணிகத்தோடு ஒட்டாத ஒரு விதியும் இருக்கிறது: உரோமச் சபையின் குருமாரையும் துறவியரையும் அரசன் தன் நாட்டில் இருக்க விடக்கூடாது, கலகமும் ஆட்சிக் கேடும் அவர்களாலேயே வருகின்றன.

இலங்கைக் கத்தோலிக்கர் ஒளிந்து வழிபட்ட காலத்தை எழுதுவோர் பெரும்பாலும் 1658இல், யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போன ஆண்டில் தொடங்குவார்கள். சில்லாலை, மருதமடு, கண்டி, நீர்கொழும்பு என்று கதை நகரும். மட்டக்களப்பும் அதற்குத் தெற்கே கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் கரையும் அந்தக் கதையில் வருவதில்லை. இக்கட்டுரை அந்தத் தொடக்கத்தை 20 ஆண்டுகள் முன்னே தள்ளி, கிழக்கிலிருந்து பார்க்கிறது. அப்படிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. குருமாரை விடமாட்டேன் என்று கைச்சாத்திட்ட அதே அரசின் நாடுதான் பிற்பாடு துரத்தப்பட்ட கத்தோலிக்கரின் புகலிடமாயிற்று. அதே அரசு, ஒரு தலைமுறைக்கு முன், கத்தோலிக்க அரசொன்று துரத்திய முஸ்லிம்களை இந்தக் கரையில் குடியமர்த்தியிருந்தது. இரு சமூகங்களின் புகலிட வரலாறும் ஒரே நிலத்தின் மேல் எழுதப்பட்டவை. தனித்தனியே படித்தால் இரண்டும் பாதிதான் விளங்கும்.

துரத்தியவரும் துரத்தப்பட்டவரும்

கத்தோலிக்கரின் துன்பத்தைச் சொல்லுமுன், அவர்களது மதத்தின் பேரால் போர்த்துக்கேயர் செய்ததைச் சொல்லியாக வேண்டும். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமானது. நல்லூர்க் கந்தசுவாமி கோவில் 1621இல் இடிக்கப்பட்டது. திருக்கோணேச்சரம் அதே பத்தாண்டில் தரைமட்டமானது. எங்கள் கரையில் திருக்கோவில் முருகன் ஆலயத்தையும் போர்த்துக்கேயர் இடித்தார்கள் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் நினைவு.

முஸ்லிம்கள் மேல் விழுந்த அடி 1626இல் உச்சத்தை எட்டியது. தளபதி கொன்ஸ்தாந்தீனு த சா, லிஸ்பனிலிருந்து வந்த ஆணைப்படி, போர்த்துக்கேயர் ஆண்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினான். கண்டியரசன் செனரத் அவர்களில் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று, 1687இல் கோவாவில் தன் பெருநூலை எழுதி முடித்த யேசு சபைத் துறவி பெர்னாவோ த குவேரோஸ் குறிப்பிடுகிறார். துரத்தியவர் பக்கத்துத் துறவியே எழுதிவைத்த சான்று என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். இக்கரையின் முஸ்லிம் குடிகள் எல்லாம் அந்த ஆண்டில் வந்தவை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. முக்குவர் குலத்தாரோடு சேர்ந்து திமிலர் குலத்தாரை எதிர்த்து நின்ற கதையும், பெண்கொண்டு உறவான கதையும், தாய்வழிக் குடிமுறையும் இன்னும் பழைய உறவொன்றைக் காட்டுகின்றன. என்றாலும் 1626இன் வருகை இக்கரையின் மக்கள்தொகையை மாற்றிய நிகழ்வு.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1628இல், போர்த்துக்கேயர் மட்டக்களப்பிலும் கோட்டை கட்டினார்கள். முஸ்லிம்கள் கொழும்பிலும் பேருவளையிலும் விட்டுவந்த அதிகாரம் வாவிக் கரைக்கே வந்து நின்றது. அந்தக் கோட்டை பத்தாண்டுகள்தான் நின்றது. 1638இல் அது விழுந்தபோது தாழ்ந்தவர்கள் போர்த்துக்கேயர். அவர்களோடு சேர்ந்து தாழ்ந்தது கோட்டையைச் சுற்றி வளர்ந்திருந்த சிறிய கத்தோலிக்கக் குடி.

உலகின் மறுமுனையில் நடந்த ஒன்றையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். அதே 1638இன் பெப்ரவரியில், யப்பானின் சிமபாராவில், ஹரா கோட்டைக்குள் கிளர்ந்தெழுந்து நின்ற விவசாயிகளின் மேல் ஒல்லாந்தக் கம்பனியின் கப்பலொன்று பீரங்கி சுட்டது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். மூன்று மாதம் கழித்து அதே கம்பனி மட்டக்களப்பில் குருமாரைத் தடுக்கும் விதியை எழுதியது. ஒல்லாந்தருக்கு இது சமயப் பகை மட்டுமல்ல. குருமார் இருக்குமிடத்தில் போர்த்துக்கேயரின் கண்ணும் காதும் இருக்கும் என்ற அரசியல் அச்சம் இரண்டு இடங்களிலும் வேலை செய்தது.

குரு இல்லாத 29 ஆண்டுகள்

1656இல் கொழும்பும், 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. அதே 1658இன் செப்டெம்பரில் வந்த கட்டளை, கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்றது. குருமார் நாடு கடத்தப்பட்டார்கள். ஆலயங்கள் ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபைக்கு மாறின. சுரூபங்கள் அகற்றப்பட்டன, பீடங்கள் எடுபட்டன, நடுவே பிரசங்க மேடை வந்தது. யாழ்ப்பாணத்தில் போதகராயிருந்த பிலிப்பு பால்தேயு 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில் அந்தக் கோவில்களின் படங்களையே காணலாம்.

தடையின் கூரிய முனை, சாவைக் காட்டிலும் வாழ்வின் சாதாரண காரியங்களில்தான் மக்களைக் குத்தியது. பிள்ளையின் பெயர் பள்ளித் தோம்பில், அதாவது பதிவேட்டில், ஏற வேண்டுமானால் ஒல்லாந்தப் போதகரிடம் ஞானஸ்நானம் பெற வேண்டும். விவாகம் சட்டப்படி நிற்கவும் முதுசம் பிள்ளைகளுக்குப் போகவும் அதே கோவிலில் எழுத வேண்டும். முதலியார், விதானை என எந்த உத்தியோகத்துக்கும் சீர்திருத்தச் சபையில் பெயர் இருக்க வேண்டும். ஆகவே மக்கள் இரண்டு முறை ஞானஸ்நானம் கொடுத்தார்கள், இரண்டு முறை விவாகம் செய்தார்கள்: ஒருமுறை தோம்புக்காக, ஒருமுறை ஆன்மாவுக்காக. இதைக் கபடம் என்று பழித்தவர்கள் அந்தக் காலத்திலும் உண்டு. காணி உறுதியும் பிள்ளையின் சட்டபூர்வ உரிமையும் ஒரே பதிவேட்டில் கட்டுண்டிருந்த நிலையில் வேறு வழி இருந்திருக்குமா என்று கேட்பதே நியாயம்.

இரண்டாவது ஞானஸ்நானம் கொடுக்கக் குரு எங்கே? இங்கேதான் பொதுநிலையினரின் பங்கு வருகிறது. அவசர நிலையில் எந்த விசுவாசியும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்கச் சட்டம். மூப்பர் ஊரைக் கட்டிக்காத்தார். செபம் சொல்லிக்கொடுத்தவர் அண்ணாவி. செபமாலையை வீட்டின் உள்ளறையில் முழங்காலிட்டுச் சொன்னார்கள். பூசை மட்டும் இல்லை. அதற்குக் குரு வேண்டும். 1658இல் கைக்குழந்தையாயிருந்தவர் 1687இல் தாயாகவோ தகப்பனாகவோ ஆகியிருப்பார். ஒரு பூசையைக்கூட அவர் முழுதாகக் கண்டிருக்க மாட்டார். விசுவாசம் ஒரு முழுத் தலைமுறையில் காதால் மட்டும் கைமாறியது.

அந்த இடைவெளியை முடித்தவர் யோசேவாஸ் அடிகள். 1651 ஏப்ரல் 21இல் கோவாவின் பெனாலிம் ஊரில் பிறந்தவர், 1676இல் குருவானவர், 1685இல் கோவாவின் ஓரடோரியன் சபையில் சேர்ந்தவர். 1687இல் தூத்துக்குடியிலிருந்து, கூலியாள் வேடத்தில், யோன் என்ற ஊழியரோடு யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். வயிற்றுக்கடுப்பில் படுத்துவிட்ட அவரைத் தொற்றுநோய்க்காரர் என்றெண்ணி ஊருக்கு வெளியே போட்டார்கள், ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்று அவரது சரித்திரங்கள் சொல்லும். தேறியபின் அவர் செய்தது ஒன்றே: கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டது. யாருடைய கண் அந்த மாலையில் ஒரு கணம் நிற்கிறது என்று பார்ப்பதே அவரது கணக்கெடுப்பு.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கோவாவின் ஓரடோரியன் சபை இந்தியக் குருமாரின் சபை. வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பிரான்சிஸ்கன் துறவி யாழ்ப்பாண ஒழுங்கையில் பத்து அடி நடந்திருந்தாலும் பிடிபட்டிருப்பார். கறுத்த மேனியும் வேட்டியும்தான் இந்த மிசனைச் சாத்தியமாக்கின. ஐரோப்பியர் கொண்டுவந்த சமயத்தை, ஐரோப்பியரான ஒல்லாந்தர் அழிக்க முனைந்தபோது, காப்பாற்றியவர்கள் கொங்கணிக் குருமாரும் தமிழ், சிங்களப் பொதுமக்களும்.

சில்லாலையின் வீடு, மருதமடுவின் காடு

யாழ்ப்பாணத்தின் மேற்கே சில்லாலை முழு ஊரும் கத்தோலிக்கமாக நின்ற இடம். கோட்டையின் கண் எட்டாத தூரம். பனங்கூடலும் கிடுகுவேலியும் மறைக்கும் ஒழுங்கைகள். யோசேவாஸ் அங்கே தங்கி, இரவில் வெளியே போய், விடியுமுன் திரும்பினார். பூசை வீடுகளில் நடந்தது. ஒரே வீட்டில் அடுத்தடுத்து வைக்காமல் இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பீடத்துக்கு ஒரு மேசை, மூட்டைக்குள் கட்டிக் கொண்டுவந்த பூசைப் பாத்திரம், வாசலில் காவலுக்கு ஒரு பையன். ஆலயம் என்பது அவ்வளவே. விடிந்ததும் அது திரும்ப வீடாகிவிடும்.

1690ஆம் ஆண்டையொட்டி, கம்பனியின் உயர் ஆணையாளர் வான் ரீட் யாழ்ப்பாணத்தில் இருந்தபோது, நத்தார் இரவில் கூடியவர்களை ஒல்லாந்தப் படை வளைத்தது. யோசேவாஸ் அகப்படவில்லை. பிடிபட்டவர்களில் முக்கியமானோர் சவுக்கடி பட்டார்கள். தொன் பேத்ரு என்பவர் அந்த அடியில் உயிர்நீத்தார் என்று மிசன் வரலாறுகள் எழுதியிருக்கின்றன. குரு வன்னிக் காடு தாண்டி, கண்டியரசுக்குரிய புத்தளத்துக்குப் போனார். அந்தத் துறைமுகத்தில் வாழ்ந்த வணிகர்களில் முஸ்லிம்களே முன்னின்றவர்கள். 1692இல் கண்டிக்குப் போனபோது, போர்த்துக்கேய உளவாளி என்ற கோள்மூட்டலால் அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறைவைத்தான். ஆனால் சிறைக்குள்ளேயே குடிசைக் கோவில் ஒன்று எழுந்தது. 1697இல் பெரியம்மை ஊரைக் காலிசெய்தபோது, ஓடாமல் நின்று நோயாளரைக் கழுவித் துடைத்தவர் அவர். அதன்பின் கண்டியில் அவரைத் தடுப்பார் இல்லை. மட்டக்களப்பு, கொட்டியாரம், திருகோணமலை என்று கிழக்குக் கரையும் ஓரடோரியன் குருமாரின் நடைவழிக்குள் வந்தது. 1711 ஜனவரி 16இல் அவர் கண்டியில் காலமானபோது கத்தோலிக்கர் தொகை சுமார் 70,000 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

அந்தக் கண்டி ஆலயம் இன்று இல்லை. 1740களில் காற்று மாறி, கண்டியிலும் குருமார் வெளியேற்றப்பட்டார்கள், கோவில் அழிந்தது. 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்த அந்த மனிதரின் கல்லறை எங்கே என்று காட்ட நாட்டில் ஓர் அடையாளக் கல் கிடையாது. புனிதர் ஆனவரின் கதியே இது என்றால், அவரை ஒளித்துவைத்த வீடுகளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

மருதமடு இதற்கு மாறாகத் தழைத்தது. மாந்தை ஆலயத்திலிருந்த மாதா சுரூபத்தை 1670ஆம் ஆண்டளவில் 20 குடும்பங்கள் எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போயின என்பது மரபு. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்தோரும் அங்கே சேர்ந்தார்கள். ஒளிவிடமாகத் தொடங்கியது இன்று நாட்டின் முதல் யாத்திரைத் தலம். 1999இல் எறிகணை விழுந்து அடைக்கலம் புகுந்திருந்தோர் இறந்ததும், 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோய் ஓகஸ்டில் திரும்பக் கொண்டுவந்ததும் நம் காலத்தில் நடந்தவை. 1670இன் மக்கள் செய்ததையே 2008இன் குருமாரும் செய்தார்கள்: கட்டிடத்தை விட்டுவிட்டு சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

கையெழுத்துப் பிரதிகள் இன்னொரு தலம். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் எழுதினார். அவரது வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வருகிறது. குரு வராத ஆண்டிலும் இந்த ஏட்டை விரித்து அண்ணாவி வாசித்தால் ஊர் கூடி அழும். ஆலயம் செய்ய வேண்டியதை ஒரு கட்டு ஏடு செய்தது. 1742இல் அவர் பொலவத்தையில் இறந்தார், நூல் சாகவில்லை.

கிழக்கில் என்ன மிஞ்சியது

1640களில் ஒல்லாந்தர் மட்டக்களப்பைக் கண்டிக்கு விட்டுக்கொடுத்து, 1668இல் திரும்பப் பிடித்தார்கள். ஆக யாழ்ப்பாணத்தில் கட்டளைகள் இறுகிய முதற் பத்தாண்டில் கிழக்குக் கரை கண்டியின் கீழ்தான் இருந்தது. ஒல்லாந்தர் திரும்பி வந்தபின்னும் அவர்களுக்கு இங்கே வேண்டியது நெல்லும் வரியும். 1794இல் மட்டக்களப்பின் ஒல்லாந்த அதிகாரி யாக்கோப் பர்னாந்து எழுதிய அறிக்கையைப் படித்தாலே அவர்களது சிந்தை வயல்களிலும் வாய்க்கால்களிலும் இருந்தது தெரியும். யாழ்ப்பாணத்தைப் போல் ஊருக்கொரு பள்ளியும் போதகருமாக வலைவிரிக்க இங்கே அவர்கள் முனையவில்லை. எழுவான்கரையில் கோட்டைக்கு அருகே ஒரு காவல். வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போனால் போடிமார் எனும் நிலக்கிழாரின் சொல்லும் கண்டியின் பாதையும். ஒளிவதற்கு இந்தப் புவியியலே போதும்.

இங்கே நம்பிக்கையைச் சுமந்தவர்கள் பறங்கியர். போர்த்துக்கேயத் தகப்பன்மாருக்கும் இக்கரைத் தாய்மாருக்கும் பிறந்த வழி; தச்சு, கொல்லு முதலான தொழில்கள்; வீட்டில் போர்த்துக்கேயக் கலப்புமொழி. ஒல்லாந்தப் படைவீரர் பலர் இந்தக் குடும்பங்களிலேயே பெண்கட்டினார்கள். அடுத்த தலைமுறையில் ஒல்லாந்தக் குடும்பப் பெயர் கொண்ட பிள்ளைகள் போர்த்துக்கேயம் பேசி, கத்தோலிக்கராகவே நின்றார்கள். தடையை விதித்தவனின் வீட்டு அடுக்களையில் தடை தோற்றுப்போனது. இதைவிடத் தெளிவான மறைவு வழிபாட்டுத் தலம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அடுக்களைக்கு யார் பலகை நடுவார்கள்?

1927இல் மட்டக்களப்பில் கத்தோலிக்கப் பறங்கியர் சங்கம் அமைந்தது. 2004 திசம்பர் 26இல், நத்தாருக்கு மறுநாள் காலை, அவர்கள் செறிந்து வாழ்ந்த டச்பார் கரையைக் கடல் வாரிக்கொண்டு போனது. அதே அலை தெற்கே அம்பாறைக் கரையில் 10,000 பேருக்கு மேல் கொன்றது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று வீட்டுக்கொரு இழப்பு. ஆட்களோடு நினைவும் போயிற்று. பழைய கலப்புமொழியைத் தடங்கலின்றிப் பேசுவோர் இன்று முதியவர்களே. லிஸ்பன் பல்கலைக்கழகத்து மொழியியலாளர் ஊகோ கார்தோசோவும் அவரோடு சேர்ந்தோரும் மட்டக்களப்புக்கு வந்து அந்தப் பேச்சைப் பதிவுசெய்திருக்கிறார்கள். பாராட்டத்தக்க வேலை. நம்முடைய பல்கலைக்கழகங்கள் அதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சிய ஒரு தடயம் சொற்கள். கல்முனைக் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் 'நத்தார் லீவு' என்று சொல்லும்போது போர்த்துக்கேயக் கத்தோலிக்கரின் பண்டிகைப் பெயரையே சொல்கிறார். பாண் வாங்குகிறோம், குசினியில் சமைக்கிறோம், அலுமாரியைத் திறக்கிறோம், கதிரையில் அமர்கிறோம். இந்த வீட்டுச் சொற்கள் துரத்தியவன் விட்டுப்போனவை, துரத்தப்பட்டவன் பிள்ளைகள் நாவில் தங்கியவை. கத்தோலிக்கர் வாயில் குருசு, பாதிரி, பாஸ்கு என்று தங்கின. அவற்றை ஒல்லாந்தர் 140 ஆண்டுகள் முயன்றும் மாற்ற முடியவில்லை.

இக்கரையில் இன்று காணும் கத்தோலிக்க ஆலயங்களை மறைவுக் காலத்தோடு நேரே முடிச்சுப்போடுவது தவறு. கல்முனையின் திரு இருதயநாதர் ஆலயமும், உள்ளே வயல்வெளி நடுவே சொறிக்கல்முனையில் நிற்கும் திருச்சிலுவை ஆலயமும் வெளிப்படையாகக் கும்பிடும் காலத்துக் கட்டிடங்கள். செப்டெம்பரில் சொறிக்கல்முனைத் திருவிழாவுக்கும், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பேரால் நடக்கும் கொடியேற்றத்துக்கும் போகிறவர்கள் இரண்டிலும் ஒரே ஒழுங்கைக் காண்பார்கள்: கொடி, நேர்த்தி, அன்னதானம். கும்பிடும் இடத்தை ஒளிக்க வேண்டியதில்லாத ஒரு மக்களின் நிம்மதி அது. அந்த நிம்மதி எளிதாக வந்ததல்ல என்பதை இந்தக் கரையின் எந்தச் சமூகமும் மறக்கக்கூடாது. ஒல்லாந்தர் கத்தோலிக்கருக்குக் குருவை மறுத்தார்கள். முஸ்லிம்கள் மேல் ஊழியம் எனும் கட்டாய வேலையைச் சுமத்தினார்கள். கம்பனியின் இரு கைகள்.

கல்லைக் காக்கும் சட்டம்

1795இல் மட்டக்களப்பு ஆங்கிலேயர் வசமானது. 1806 மே மாதத்தில் ஆளுநர் தோமஸ் மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மேலிருந்த சட்டத் தடைகளை நீக்கினார். அதன்பின் நடந்தது ஒல்லாந்தரின் தோம்புகளுக்கு வரலாறு அளித்த தீர்ப்பு. லட்சக்கணக்கில் எழுதப்பட்டிருந்த சீர்திருத்தச் சபையினர் சில ஆண்டுகளில் கரைந்துபோனார்கள். கத்தோலிக்கர் வெளியே வந்தார்கள். இன்னும் பலர் தம் பழைய கோவில்களின் வாசலில் திரும்பப் போய் நின்றார்கள். ஏட்டில் பெயர் எழுதுவது வேறு, நெஞ்சில் எழுதுவது வேறு.

இப்போது மரபுரிமைக்கு வருவோம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் நினைவுச் சின்னங்களைக் காக்கிறது. யாழ்ப்பாணத்தில் சங்கானையில் ஒரு பழைய கோவிலின் சுவர்கள் நிற்கின்றன. போர்த்துக்கேயர் தொடக்கி ஒல்லாந்தர் எடுத்துக்கொண்ட கோவில். கல் இருப்பதால் அதற்குக் காவல் கிடைத்தது. பூசை நடந்த சில்லாலை வீடுகளுக்குக் கல் இல்லை. மண்சுவரும் கிடுகும் அப்போதே உக்கிவிட்டன. வென்றவன் கட்டிய கோவில் சின்னமாகிறது, ஒளிந்தவன் கும்பிட்ட இடம் வெறுங்காணியாகிறது. சட்டத்தில் கெட்ட நோக்கம் எதுவும் இல்லை. ஆனால் கல்லை மட்டும் காணும் கண்ணுக்கு ஒளிந்து வாழ்ந்த மக்கள் என்றைக்கும் தெரியமாட்டார்கள்.

யப்பான் இதற்கு வேறு வழி கண்டது. 1614இல் அங்கே கிறிஸ்தவம் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. 1873 வரை தடை நீடித்தது. 200 ஆண்டுக்கு மேல் ஒரு குருவும் இல்லாமல் நாகசாகிப் பகுதி மீனவரும் உழவரும் செபங்களை வாயால் கடத்தினார்கள். சிப்பி ஓட்டின் உள்வரிகளில் மாதாவின் உருவைக் கண்டார்கள். பௌத்தக் கன்னோன் சிலையை மரியாளாக வைத்துக் கும்பிட்டார்கள். 1865இல் நாகசாகியின் ஓவுரா ஆலயத்துக்கு வந்த சிலர், தாங்களும் அதே நெஞ்சினர் என்று பிரெஞ்சுக் குருவிடம் வெளிப்படுத்தினார்கள். 2018இல் யுனெஸ்கோ 12 இடங்களைச் சேர்த்து அந்த வரலாற்றை உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றியது. அந்தப் பன்னிரண்டில் பெரும்பாலானவை ஊர்கள்: படிவயல்களும் மீன்பிடித் துறையும் தீவுக் குடியிருப்பும். ஹிரதோவின் கசுகா ஊருக்குப் போனால் காண்பதற்கு ஆலயம் கிடையாது, வயலும் மலையும்தான். அவ்வளவையும் சேர்த்தே தலம் என்றார்கள்.

நம் வரலாறு யப்பானிலிருந்து இரு விதங்களில் வேறுபடும். இங்கே ஒரு தலைமுறைக்குள் குருமார் வந்துசேர்ந்தார்கள். ஆகவே வழிபாடு திரிந்து வேறொன்றாகவில்லை. இரண்டாவது, ஒளிவதற்கு இங்கே ஓர் அயலரசு இருந்தது. யப்பானியக் கத்தோலிக்கனுக்கு எல்லை தாண்ட வழியில்லை. இலங்கைக் கத்தோலிக்கனுக்குக் கண்டி இருந்தது. ஆகையால் நம்முடைய மரபுரிமை வரைபடத்தில் ஊர்களோடு பாதைகளும் வர வேண்டும்: யாழ்ப்பாணத்திலிருந்து வன்னி வழியே மருதமடு, மாந்தையிலிருந்து காடு, புத்தளத்திலிருந்து கண்டி, மட்டக்களப்பு வாவியிலிருந்து படுவான்கரை தாண்டி மலைநாடு. கடைசிப் பாதையை எதிர்த்திசையில் நடந்துதான் 1626இல் முஸ்லிம் குடும்பங்கள் கீழே இறங்கின. ஒரே பாதைக்கு இரண்டு சமூகங்களின் பெயரையும் எழுதலாம், எழுத வேண்டும்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. வரலாறும் தமிழும் இஸ்லாமிய கற்கைகளும் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளிலும், சொறிக்கல்முனை முதியவர்களிடமும், கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறை முஸ்லிம் குடிகளின் மரைக்காயர்மாரிடமும், எங்கிருந்து வந்தோம், யார் இடம் தந்தார்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்ட கதையைக் கேட்டு எழுத வேண்டும். கேட்கும் பிள்ளை எந்தச் சமூகத்தைச் சேர்ந்தது என்பது பொருட்டல்ல. முஸ்லிம் மாணவி பறங்கியர் வீட்டுக்கும், கத்தோலிக்க மாணவன் பள்ளிவாசல் பெரியவரிடமும் போனால் இன்னும் நல்லது. இந்தக் கதைகளைச் சொல்லக்கூடியவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. இந்த ஆண்டிலேயே போய்க் கேளுங்கள்.